நான் வேக வைத்த முளைப்பயறு

என் அன்புள்ள கோதை அக்காவுக்கு,

ஒரே வீட்டில் பதினெட்டு வருடம் வாழ்ந்தோம். உங்களுக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. அடுக்களையில் நின்று குரல் கொடுத்தால் ஆபீஸ் ரூமில் உங்களுக்குக் கேட்கும். இப்போது எவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டாலும் கேட்காது என்பதால் எழுதுகிறேன்.

உங்கள் இயற்கை உணவுக் குழுவினர் முதல் வருட நினைவுக்கு ஒரு சின்ன மலர் போடுகிறார்கள். ஆளுக்கு ஒரு பக்கம், இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வாங்கிப் படித்தேன். ஒருத்தி உங்களைத் தாய் என்கிறாள். இன்னொருவர் குரு என்கிறார். என்னிடமும் கேட்டார்கள். "கூடவே இருந்தவங்க நீங்க. நீங்கதானுங்க நெறைய எழுதோணும்" என்றார்கள்.

கூடவே இருந்தவளிடம் என்ன கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்கு உங்கள் மேல் பொறாமை அக்கா. நாலு வருடமாகப் பொறாமை. அந்த மலரில் நீங்கள் எவ்வளவு நல்லவர் என்று மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று நான் எழுதுகிறேன்.

படிக்கிறவர்களுக்குப் புரிய வேண்டுமே. நீங்கள் மூத்த மருமகள், நான் இளையவள். நீங்கள் சோமனூரில் தறி ஓட்டுகிறவர்கள் வீட்டுப் பெண், நான் கணியூரில் தென்னந்தோப்புக்காரர் மகள். முன்பக்கம் வீடு, பின்பக்கம் அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தும் பனியன் கம்பெனி. அறுபது பேர் வேலை செய்கிறார்கள். நீங்கள் படித்தவர். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு மெயில் அனுப்புவீர்கள். துணியை இரண்டு விரலால் தடவிப் பார்த்தே கனம் சொல்லிவிடுவீர்கள். எனக்கு அதெல்லாம் வராது. எனக்கு வந்தது சமையல் ஒன்றுதான்.

அதில் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. வந்த பையர்கூட என் அரிசிம்பருப்புச் சாதத்தைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். ஆயுத பூசை அன்று அறுபது பேருக்கும் சர்க்கரைப் பொங்கல், வடை, சுண்டல் எல்லாம் என் கை. ஆபீஸ் உங்களுக்கு, அடுப்பு எனக்கு. பதினாலு வருடம் அப்படித்தான் ஓடியது. இரண்டு பேருக்கும் ஒரு சண்டை கிடையாது.

பிறகு உங்களுக்குத் தலைவலி வந்தது. வாரத்தில் இரண்டு நாள் கண்ணைத் திறக்க முடியாமல் இருட்டறையில் படுத்துக்கிடப்பீர்கள். டாக்டரிடம் காட்டியும் விட்டு விட்டு வந்துகொண்டேயிருந்தது. யாரோ சொல்லி ஒரு இயற்கை உணவு முகாமுக்குப் போனீர்கள். ஐந்து நாள். திரும்பி வந்த அன்று உங்களுக்குப் பிடிக்குமே என்று கொள்ளுப் பருப்பு கடைந்து வைத்திருந்தேன். தட்டைப் பார்த்துவிட்டு, "இனிமே எனக்குச் சோறு வேண்டாம் தனம். சமைச்சது எதும் வேண்டாம் கண்ணு" என்றீர்கள்.

மெதுவாகத்தான் சொன்னீர்கள். எனக்கு என்னையே வேண்டாம் என்ற மாதிரி இருந்தது.

பத்து நாள் தாங்காது என்று நினைத்தேன். நீங்கள் பின்கட்டில் ஒரு பழைய மேசையைப் போட்டுக்கொண்டீர்கள். ஒரு கத்தி, ஒரு துருவல் பலகை, நாலு மண்சட்டி, ஒரு மிக்சி. காலையில் வெறும் வயிற்றில் வெண்பூசணிச் சாறு. பத்து மணிக்குப் பழம். மதியம் முளைப்பயறு, துருவிய கேரட், வெள்ளரி, தேங்காய். சாயங்காலம் பொழுது இறங்குவதற்குள் ஊறவைத்த அவல், அத்தோடு முடிந்தது. கட்டிங் செக்‌ஷனில் மிஞ்சும் வெள்ளைப் பனியன் துணியைச் சதுரமாக வெட்டி அலசிக் காயப்போட்டு, அதில் பயறு கட்டித் தொங்கவிட்டீர்கள். பின்கட்டுக் கொடி முழுக்கக் குட்டி மூட்டைகள். பத்து நாள் ஆனது, நூறு நாள் ஆனது, மேசை அங்கேயே நின்றது. தலைவலி குறைந்தது என்றீர்கள். முகமும் தெளிந்துவிட்டது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

முதலில் உங்கள் மேசைப் பக்கம் போனது என் மகள் வர்ஷா. அப்போது அவளுக்குப் பதினொரு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உப்பிய பூரியும் கிழங்கும் வைத்துவிட்டுக் கூப்பிட்டால் ஆளைக் காணோம். பின்கட்டில் உங்கள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சிவப்பு அவலில் வாழைப்பழத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"பூரி ஆறுது பாரு, வா" என்றேன்.

"எனக்கு இது போதும்மா. பெரியம்மா தேங்காப்பால் ஊத்தித் தந்தாங்க. நீங்களும் கொஞ்சூண்டு சாப்ட்டுப் பாருங்க."

"எனக்கு வேலையிருக்குது" என்று சொல்லிவிட்டு வந்து, ஆறு பூரியையும் நானே தின்றேன். வயிறு இரண்டு நாள் சொன்னபடி கேட்கவில்லை.

அடுத்தது அத்தை, நம் மாமியார். பல் இல்லாதவருக்குக் கேரட்டைப் பூப்போலத் துருவி, தேங்காயும் எலுமிச்சையும் சேர்த்து நீங்கள் ஊட்டாத குறையாகக் கொடுத்தீர்கள். அதன்பிறகு அவருக்கு என் குழைந்த சாதம் மறந்துபோனது. பிறகு என் வீட்டுக்காரர். "சாயங்காலத்துக்கு அண்ணிகிட்டயே சாப்ட்டுக்கறேன், லைட்டா இருக்குது" என்றார். லைட்டாம்! என் தோசை இத்தனை வருடம் அவருக்குக் கனமாக இருந்ததை அன்றைக்குத்தான் சொன்னார்.

எல்லாவற்றையும்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் அப்பாவைத்தான் பொறுக்க முடியவில்லை. மாதம் ஒரு மூட்டை தேங்காய் கணியூரிலிருந்து எனக்கு அனுப்புகிறவர், உங்கள் மேசையை ஒரு தடவை பார்த்துவிட்டு இரண்டு மூட்டை அனுப்ப ஆரம்பித்தார். இரண்டாவது மூட்டையின் மேல் "கோதைக்கு" என்று சாக்குக்கட்டியால் எழுதியிருந்தார். என் பெயரை அவர் எந்த மூட்டையிலும் எழுதியதில்லை.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா அக்கா? நான் பாத்திரத்தைச் சத்தமாக வைக்கும்போது திரும்பிப் பார்ப்பீர்களே, அப்போது என்ன நினைத்துக்கொள்வீர்கள்?

அடுத்து கம்பெனிப் பெண்கள். புதன்கிழமை காலை டீ நேரத்தில் கட்டிங் டேபிளில் ஒரு ஓரத்தை ஒதுக்கி, பதினைந்து நிமிடம் நீங்கள் பேசுவீர்கள். முதல் வாரம் நாலு பேர் வந்தார்கள். இரண்டு மாதத்தில் இஸ்திரி போடும் பையன்கள்கூட வந்து நின்றார்கள். பீகார்ப் பெண்களுக்காக உடைந்த இந்தியில் ஒரு தடவை திருப்பிச் சொல்வீர்கள். அவர்கள் சிரித்துக்கொண்டே உங்கள் இந்தியைத் திருத்துவார்கள்.

நான் அடுக்களை ஜன்னலில் நின்று கேட்பேன். பாத்திரம் தேய்க்கிற மாதிரி நிற்பேன். ஒரு வார்த்தை விட்டதில்லை.

செக்கிங் பகவதியை ஞாபகம் இருக்கிறதா? திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள். ஒன்றரை ஷிப்ட் டியூப்லைட் வெளிச்சத்தில் ஓட்டையும் கறையும் தேடித்தேடி அவளுக்குக் கண் எரிச்சல். ஒரு புதன்கிழமை எழுந்து கேட்டாள்.

"அக்கா, நீங்க சொல்லுத பழம் பூசணிக்கெல்லாம் எங்களுக்கு எங்க நேரம் இருக்கு? காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சுச் சோறு வடிச்சிட்டு ஓடியாறோம்லா."

"அப்ப நாளைக்கு ஒரு நேரம் வடிக்க வேண்டாம்" என்றீர்கள் நீங்கள். "ராத்திரி ஒரு கைப்பிடி நெலக்கடலைய ஊற வெச்சுப்போட்டுப் படு சாமி. காலைல தண்ணிய வடிச்சுப்போட்டு டப்பாவுல போட்டுக்க. ஒரு வாழப்பழம். அடுப்பு வேண்டாம், பாத்திரமும் வேண்டாம். மென்னு தின்னோணும், முழுங்கப்படாது. கண்ணுக்கு, இந்தப் பனியன் துணிய நனைச்சுப் புழிஞ்சு, மதியம் சாப்ட்டதும் பத்து நிமிசம் கண்ணு மேல போட்டுக்க. எரிச்சல் நிக்கலீன்னா டாக்டர்கிட்டப் போகோணும். மருந்து மாத்திரை தின்னுட்டிருக்கறவங்க யாரும் என்ற பேச்சக் கேட்டு நிறுத்தீறாதீங்க, சொல்லிப்போட்டேன்."

இப்படித்தான் பேசுவீர்கள். பெரிய வார்த்தை எதுவும் கிடையாது. பயறை மூன்று தடவை அலசினால் சித்திரை வெயிலிலும் நாறாது. எலுமிச்சையும் உப்பும் தட்டில் போட்ட பிறகுதான், முன்னாலேயே போட்டால் வெள்ளரி தண்ணீர் விட்டுவிடும். தேங்காய்ப்பால் பிழிந்த கையோடு குடித்துவிட வேண்டும். பழத்தைச் சாப்பாட்டுக்கு மேலே தின்னாமல் தனியாகத் தின்ன வேண்டும். ஷாம்பு பாக்கெட்டுக்குப் பதில் சீயக்காய், சோப்புக்குப் பதில் பாசிப்பயறு மாவு. காலையில் பத்து நிமிடம் செருப்பில்லாமல் வெயிலில் நட. எல்லாம் எனக்கும் தெரிந்த பயறு, தெரிந்த தேங்காய். நான் சொன்னால் யாரும் கேட்டதில்லை, நீங்கள் சொன்னதும் அறுபது பேரும் கேட்டார்கள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மதியம் வீட்டில் யாரும் இல்லாதபோது கதவைச் சாத்திக்கொண்டு உங்கள் முறைப்படி அவல் நனைத்தேன். தேங்காய்த் துருவல், நாட்டுச்சர்க்கரை, ஒரு ஏலக்காய். ஒரு வாய் வைத்தேன். நன்றாக இருந்தது. கிண்ணத்தை வழித்துத் தின்றுவிட்டு அழுதேன். மட்டமாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

இனி அந்த ஆயுத பூசை.

அந்த வருடம் அத்தனை பேருக்கும் அடுப்பில்லாத விருந்து போடலாம் என்று நீங்கள் கேட்டீர்கள், உங்கள் வீட்டுக்காரர் மாமா சரி என்றார். என்னிடமும் கேட்டீர்கள். "உனக்கு ஒண்ணும் சங்கடமில்லியே தனம்?" என்றீர்கள். "எனக்கென்னங்க்கா சங்கடம், ஒரு நாள் ரெஸ்ட்டுதானுங்களே" என்றேன். நீங்கள் ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அஞ்சு கிலோ பச்சைப்பயறு. இரண்டு நாள் பார்த்துப் பார்த்து முளைகட்டி வைத்திருந்தீர்கள். பூசையன்று காலையில் அத்தனை மூட்டையையும் பிரித்து இரண்டு பெரிய அண்டாவில் கொட்டினீர்கள். அரை விரல் நீளத்துக்கு வெள்ளை வெளேரென்று முளை. "இத மட்டும் பாத்துக்க கண்ணு. நான் போயி மெஷினுக்கெல்லாம் பொட்டு வெச்சுப்போட்டு வாரேன். வந்து மாங்காயும் தேங்காயும் கலந்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுச் சந்தனக் கிண்ணத்தோடு போனீர்கள்.

நான் அண்டாவுக்குக் காவல் நின்றேன். வர்ஷா புதுப் பாவாடை கட்டிக்கொண்டு ஓடிவந்தாள். நான் ஏதோ பாத்திரத்தை எடுப்பதைப் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க இன்னைக்கு எதும் பண்ண வேண்டாம். எல்லாம் பெரியம்மா பாத்துக்குவாங்க" என்றாள்.

குழந்தை அன்பாகத்தான் சொன்னாள். எனக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்று சொன்னாள். அது எனக்கு இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்குக் காது அடைத்துக்கொண்டது. இந்த வீட்டில் நான் எதுவும் பண்ண வேண்டாம் என்றால் நான் யார்?

பெரிய பர்னரைப் பற்றவைத்தேன். தண்ணீர் கொதித்தது. உப்புப் போட்டேன். அஞ்சு கிலோ முளைப்பயறையும் கொட்டி மூடினேன்.  கடுகு, கறிவேப்பிலை, வரமிளகாய், பெருங்காயம் தாளித்து, தேங்காய்ப்பூ தூவினேன். அவ்வளவு கவனமாக நான் என் வாழ்நாளில் ஒரு சுண்டல் செய்ததில்லை.

தாளிப்பு வாசம் கம்பெனிவரைக்கும் போயிருக்கும். நீங்கள் விரலில் குங்குமத்தோடு வந்து வாசலில் நின்றீர்கள். அண்டாவைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள்.

"சுண்டலுக்குத்தானேன்னு வேக வெச்சுப்போட்டனுங்க்கா. ஆயுத பூசைன்னா சுண்டல்தானுங்களே வழக்கம்" என்றேன்.

 பின்னால் வந்த பகவதிதான், "அய்யோ, அக்கா ரெண்டு நாளா இதுக்குத்தான பாடுபட்டாவ" என்றாள். அவள் குரலைக் கேட்டு நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். மாமா வந்தார். எல்லோருடைய கண்ணும் என் மேல்.  அப்போது நீங்கள் ஒரு தொன்னையை எடுத்து, அண்டாவிலிருந்து ஒரு கரண்டி சுண்டலை அள்ளி, அத்தனை பேர் முன்னாலும் நின்று தின்றீர்கள்.

மூன்று வருடம் வெந்த பொருளைத் தொடாதவர் நீங்கள். கல்யாண வீடுகளில் இலைக்கு முன்னால் வெறும் வாழைப்பழத்தோடு உட்கார்ந்து பேச்சு வாங்கியவர். நிதானமாக மென்று தின்றீர்கள். தொன்னையைக் காலி செய்தீர்கள்.

"நல்லாருக்குது. தனம் கையாச்சே. எல்லாருக்கும் குடுங்க, ஆறீறப்போவுது" என்றீர்கள். பிறகு பழமும் அவலும் ஒரு பக்கம், என் சுண்டல் ஒரு பக்கம் என்று நீங்களே பந்தியை நடத்தினீர்கள். அன்று பேச்செல்லாம் சுண்டலைப் பற்றி இல்லை. "நமக்கோசரம் அக்கா விரதத்தையே உட்டுப்போட்டாங்களே" என்றுதான் ஆளாளுக்குச் சொன்னார்கள். உங்களை ஒரு நாள் கீழே இறக்கப் பார்த்தேன். நீங்கள் இன்னும் ஒரு படி மேலே போய் நின்றுகொண்டீர்கள்.

அன்று சாயங்காலம் உங்களுக்கு வயிற்றைப் பிசைந்தது. பழக்கம் விட்டுப்போன வயிறு. நீங்கள் கட்டிலில் சுருண்டு படுத்திருந்தீர்கள். நான் போய் நின்றேன். ஈரத்துணிப் பட்டி போடச் சொல்லிக் கேட்டீர்கள். பனியன் துணியை நனைத்துப் பிழிந்து உங்கள் வயிற்றின் மேல் போட்டேன். சூடாகச் சூடாக எடுத்து மறுபடி நனைத்துப் போட்டேன்.

"அக்கா, சத்தியமா தெரியாமத்தானுங்க பண்ணிப்போட்டேன்" என்றேன்.

"தெரியுது கண்ணு. விடு" என்றீர்கள்.

எது தெரிகிறது என்றீர்கள் அக்கா? அதை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்கள். நீங்கள் நம்பிவிட்டதாகவே வைத்துக்கொண்டேன். அடுத்த நாள் காலையில் ஒன்றும் நடக்காதது போல, "பூசணி ஒரு கீத்து வெட்டிக் குடு தனம்" என்று கூப்பிட்டீர்கள். அவ்வளவு எளிதாக மன்னிக்க முடிகிறவர் மேலும் எனக்குப் பொறாமைதான் வந்தது. நான் உங்கள் இடத்தில் இருந்திருந்தால் ஒரு வருடம் பேசியிருக்க மாட்டேன்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று பல நாள் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறேன். பொங்கலுக்குள் சொல்லிவிடலாம் என்று மனசுக்குள் தவணை போட்டேன். மார்கழியில் ஒரு காலை உழவர் சந்தைக்கு ஸ்கூட்டியில் போனீர்கள். வெளியே பனி. "உனக்கு எதாச்சும் வேணுமா?" என்று கேட்டீர்கள். "எனக்கு என்னங்க்கா வேணும்" என்றேன். கீரை வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில், நின்றிருந்த லாரியைச் சுற்றி வந்த ஒரு வேன் உங்களைத் தட்டிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பத்தாறு வயது.

கேதத்துக்கு வந்த சொந்தங்களில் ஒருத்தி, நடுவீட்டில் உட்கார்ந்துகொண்டு, "பச்சையாத் தின்னுட்டு இருந்தாளே, என்னத்தக் கண்டா? நம்மள மாதிரி சோத்தத் தின்னுட்டு எத்தன பேரு எம்பது வயசு இருக்கறாங்க" என்றாள். நாலு பேர் தலையாட்டினார்கள். நான் எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை.

"வேன் வந்து இடிச்சதுக்குக் கேரட்டு என்னங்க பண்ணும்? சோறு தின்னவங்கள வேன் இடிக்காம உட்டுருமா? அவங்களப் பத்திப் பேசறதா இருந்தா எந்திரிச்சு வெளிய போயிப் பேசுங்க" என்று கத்தினேன்.  அத்தை என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். மூன்று வருடத்துக்கு மேல் மனசுக்குள் அதே பேச்சைப் பேசியவள் நான். அதை வேறொருத்தி வாயால் கேட்கத் தாங்கவில்லை.

பிறகு ஒரு மாதம் பின்கட்டு மேசை அப்படியே கிடந்தது. வர்ஷா என் சோற்றையும் தின்னவில்லை, வேறு எதையும் தின்னவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொள்வாள். ஒரு புதன்கிழமை டீ நேரத்தில் ஜன்னல் வழியாகப் பார்த்தால், கட்டிங் டேபிள் ஓரத்தில் ஏழெட்டுப் பெண்கள் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. பழக்கத்தில் வந்துவிட்டிருக்கிறார்கள். டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த புதனுக்கு நான் போனேன். உங்கள் இடத்துக்கு ஆசைப்பட்டுப் போனேனா, அவர்கள் நின்ற நிற்பு தாங்காமல் போனேனா என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. இரண்டும் இருந்திருக்கும். முதல் நாள் கொண்டுபோன பயறு நாறிவிட்டது. பகவதி மூட்டையை மோந்து பார்த்துவிட்டு, "மூணு தரம் அலசணும்னு அக்கா சொல்லுவாவல்லா. நீங்க ஒரு தரம்தான் அலசியிருப்பிய" என்றாள். நான் தேங்காய்ப்பால் கொண்டுபோனேன். "அக்கா பிழிஞ்சது இன்னும் கெட்டியா இருக்கும்" என்றார்கள். வாழைப்பழத்தைக் கொண்டுபோனேன். அதில் என்ன குறை சொல்ல முடியும்? "அக்கா கதலி கொண்டாருவாங்க" என்றார்கள்.

உயிரோடு இருந்தவரோடு போட்டி போட்டாவது பார்க்கலாம். போனவர் ஒரு நாளும் பயறை நாறவிட மாட்டார், பாலைத் தண்ணியாக்க மாட்டார். எனக்கு ஆத்திரமாக வரும். ஆனாலும் அடுத்த புதன் போவேன். மெல்ல மெல்லக் கை பழகியது. வெயில் நாளுக்கு எத்தனை மணி நேரம், பனி நாளுக்கு எத்தனை என்று பிடிபட்டது. சமைக்கத் தெரிந்தவளுக்குச் சமைக்காமல் இருப்பதிலும் ஒரு பக்குவம் தெரியும் என்று கண்டுகொண்டேன். காய்ந்த திராட்சையை ஊறவைத்து அரைத்துத் துவையலில் சேர்த்தது என் யோசனை. பச்சை மாங்காயும் வெல்லமும் தட்டிப்போட்டது என் யோசனை. அதை நீங்கள் செய்ததில்லை. வீட்டில் சோறும் நடக்கிறது. பாதி உங்கள் முறை, பாதி என் முறை என்று வைத்திருக்கிறேன்.

போன வாரம் உங்கள் முதல் தெவசம். படையலுக்கு என்ன செய்வது என்று பேச்சு வந்தது. "அவளுக்கு முந்தி கொள்ளுப்பருப்புன்னா உசுரு. அதயும் ரெண்டு வடையும் போடு" என்றார் அத்தை.

"அத்தை, அன்னைக்கு நான் அடுப்புப் பத்த வெக்கப் போறதில்லீங்க" என்றேன்.

"தெவசத்தன்னைக்கு அடுப்பு எரியாமயா? எந்த ஊட்லயாச்சும் உண்டா?"

"அவங்க ஊட்ல உண்டுங்க" என்றேன்.

மாமாவும், தெவசத்துக்கு வந்திருந்த உங்கள் பையனும் சரி என்று தலையசைத்தார்கள். நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, கேதத்தை விட்டால், அடுப்பு எரியாத முதல் காலை அது. வீடு ஒரு மாதிரி குளிர்ந்து கிடந்தது. இலையில் அவல் மூன்று விதம், கீற்றாக வெட்டிய பழம், முளைப்பயறில் பச்சை மாங்காய், இளந்தேங்காயில் பிசைந்த எள்ளுருண்டை, வெள்ளரித் தயிர், கருப்பட்டி போட்ட தேங்காய்ப்பால். நாலு மணி நேரம் நின்று செய்தேன். உங்கள் பையன் கற்பூரம் காட்டிக் கும்பிட்டதும் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம்.

வர்ஷா பயறை ஒரு வாய் வைத்தாள். கண்ணை மூடி மென்றாள். இன்னொரு வாய் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அம்மா, பெரியம்மா பண்றதவிட இது நல்லாருக்குங்க" என்றாள்.

அத்தை தலையை ஆட்டினார். என் வீட்டுக்காரர், "ஆமாமா, கை தேறிப்போச்சு" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக நாலு வருடம் காத்திருந்தேன் அக்கா. அதற்காக அஞ்சு கிலோ பயறை வேக வைத்திருக்கிறேன். நீங்கள் இருக்கும்போது, நீங்கள் கேட்கும்படி யாராவது சொல்ல மாட்டார்களா என்று எத்தனை தடவை ஏங்கியிருக்கிறேன். வந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். சுவரில் உங்கள் படம், மாலை. எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

"பேசாமச் சாப்பிடு. உங்க பெரியம்மா கை ஆருக்கும் வராது" என்று அதட்டினேன். குழந்தை பயந்துபோய் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். நான் எழுந்து போய்த் தேங்காய்ப்பால் எடுத்துவந்தேன். எல்லோருக்கும் ஊற்றினேன்.

ஆயுத பூசை அன்றைக்கு நான் முளைப்பயறைத் தெரிந்தேதான் வேக வைத்தேன். இது அச்சில் வரும். பகவதி படிப்பாள், மாமா படிப்பார், என் மகளும் படிப்பாள். படிக்கட்டும்.

பொறாமையை விட்டுவிடுகிறேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்தால் அது இன்னொரு பொய்யாகிவிடும். புதன்கிழமையை விட மாட்டேன். இந்தக் கம்பெனியில் மெஷின் ஓடுகிறவரைக்கும் அந்த டேபிள் ஓரத்தில் நிற்பேன், "அக்கா இப்படிச் சொல்லுவாங்க" என்று உங்கள் பேரைச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன். இந்த வாக்கை நம்பலாம்.

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த உங்கள் தங்கை,
தனம்